அடிமண்டியில் ஓர் உயிர்

‘மண்டி’ என்ற சொல்லை நம் வீடுகளில் அடிக்கடி கேட்டிருப்போம். எண்ணெய்க் குடுவையின் அடியில் தங்குவது மண்டி. புளியைக் கரைத்து வைத்தால் அடியில் படிவதும் மண்டிதான். மேலே தெளிந்திருப்பதை எடுத்துக்கொண்டு மண்டியைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். ஆனால் சில வகைப் பீர் புட்டிகளின் அடியில் தங்கும் மண்டி அப்படிக் கொட்டிவிடத்தக்கதன்று. அது உயிருள்ளது. பக்குவமாக வளர்த்தால் 20 லிட்டர் பீரை நொதிக்கச் செய்யும் அளவுக்குப் பெருகக்கூடியது. அந்த மண்டியை எப்படி எடுப்பது, எப்படி வளர்ப்பது, சிங்கப்பூரின் வெப்பத்தில் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

தமிழ்ப் பேரவை மலரில் பீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. குடி நம் சமூகத்துக்குச் செய்த கேட்டை நான் அறியாதவன் அல்லன். இது குடிக்கத் தூண்டும் கட்டுரையும் அன்று. இதிலுள்ள அறிவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து மட்டும் வந்ததில்லை. நம் அம்மாக்களின் அடுப்படியிலும் பனையேறிகளின் கலயத்திலும் இருந்து வந்திருக்கிறது. குடிப்பவர், குடிக்காதவர் இருவருக்குமே அது உரியது. அதனால்தான் தமிழில் எழுதத் துணிந்தேன்.

மண்டி என்பது என்ன?

முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நீரில் இறங்கும். அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் ஈஸ்ட் சேர்த்தால் பீர் உருவாகிறது. ஈஸ்ட் என்பது ஒரே செல்லாலான பூஞ்சை. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு வருமே, அதைவிடச் சற்றுச் சிறியது. சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்கள் இதனை ‘மதுவம்’ என்ற அழகான சொல்லால் குறிக்கின்றன. நமக்குப் பழகிய சொல் ஈஸ்ட் என்பதால் இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.

பெரிய ஆலைகளில் தயாராகும் பீர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டு, சூடேற்றப்பட்டு, கரியமில வாயு ஏற்றப்பட்டுப் புட்டிக்குள் போகிறது. தேக்காவின் கடைகளில் நாம் காணும் டைகர், கிங்ஃபிஷர் போன்றவை இவ்வகை. புட்டி கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அடியில் ஒன்றும் இராது. இன்னொரு வகை உண்டு. அதில் உயிருள்ள ஈஸ்ட்டோடும் சிறிது சர்க்கரையோடும் பீரைப் புட்டியில் அடைத்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அச்சர்க்கரையைப் புட்டிக்குள்ளேயே உண்டு, நுரைக்குத் தேவையான வாயுவைத் தானே உண்டாக்கும். வேலை முடிந்ததும் அடியில் படிந்து உறங்கும். சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் மெல்லிய படலமாகத் தெரிவது அதுதான். ‘பாட்டில் கண்டிஷன்ட்’ என்றோ ‘புட்டியில் மறுபடி நொதித்தது’ என்றோ பெயர்த்தாளில் அச்சிட்டிருப்பார்கள். ஜெர்மானியக் கோதுமைப் பீர்களில் ‘ஹெஃப’ என்ற முன்னொட்டு இருந்தால், அம்மொழியில் அது ஈஸ்ட்டைக் குறிக்கும்.

உறை ஊற்றும் அறிவு

முதன்முதலாக நான் இதில் இறங்கியபோது, வெளிநாட்டுக் கையேடுகள் சொன்னவற்றில் பாதி எனக்கு முன்பே தெரிந்தவையாக இருந்தன. காரணம் என் அம்மா. எங்கள் வீவக வீட்டில் தயிர் கடையில் வாங்கப்படுவதில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு உறை. பால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய உறை புளித்துப் போயிருந்தால் இரண்டு முறை புதுப் பாலில் மாற்றி மாற்றி உறைய வைத்தால்தான் தயிர் பழைய சுவைக்குத் திரும்பும். “உறை செத்துப்போச்சுன்னா பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கணும். கடையில கிடைக்காது” என்பார்.

தயிரை உறையவைப்பது ஈஸ்ட் அன்று, பாக்டீரியா. இட்லி மாவைப் பொங்கவைப்பதும் பெரும்பாலும் பாக்டீரியாதான். ஆனால் முறை ஒன்றே: உயிருள்ள ஒரு துளியை எடுத்து, அதற்கு உணவும் இதமான சூடும் கொடுத்து, வேறு எதுவும் நுழையாமல் பார்த்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பது.

ஈஸ்ட்டையும் நம்மவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆப்ப மாவு பொங்குவதற்குக் கள் சேர்ப்பது தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் கேரளத்திலும் இலங்கையிலும் பழைய வழக்கம். கள்ளிலுள்ள ஈஸ்ட்தான் அங்கே வேலை செய்கிறது. பனையேறிகள் பதநீர் வேண்டுமென்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது. சாறு இனிப்பாகவே இருக்கும். கள் வேண்டுமென்றால் சுண்ணாம்பு கிடையாது. கலயத்தில் முந்தைய நாள் ஒட்டியிருக்கும் மண்டியே உறையாகி, சாறு இறங்க இறங்க நொதித்துவிடும். எதை வளரவிடுவது, எதைத் தடுப்பது என்பதை ஒரு விரல் சுண்ணாம்பால் தீர்மானித்த அறிவு அது.

கடன் வாங்கிய உயிர்கள்

அடுத்தவரின் பீரிலிருந்து ஈஸ்ட் எடுப்பது திருட்டில்லையா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பீரின் வரலாற்றைப் பார்த்தால் கொடுப்பதும் வாங்குவதுமாகவே அது வளர்ந்திருக்கிறது. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற டூவெல் பீருக்கான ஈஸ்ட் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஆல்பர்ட் மோர்ட்காட் என்பவர் அங்கே சென்று அதைக் கொண்டுவந்தார். அப்பீருக்கு 1923இல் டூவெல் என்ற பெயர் வந்தது. பெல்ஜியத்தில் துறவிகள் பீர் தயாரிக்கும் வெஸ்ட்விலெட்டரன் மடத்துக்கு, வெஸ்ட்மால்லே மடத்திலிருந்துதான் ஈஸ்ட் போகிறது. பக்கத்து வீட்டில் உறை வாங்குவது போலத்தான்!

டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதுவரை ஆலைகளில் இருந்தது பலவகை ஈஸ்ட்டுகளின் கலவை. ஒரு நாள் பீர் நன்றாக வரும், மறுநாள் கெட்டுவிடும். தூய ஈஸ்ட் கிடைத்த பிறகே ஒரே சுவையை மீண்டும் மீண்டும் உண்டாக்க முடிந்தது. கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் அந்த ஈஸ்ட்டைப் பிற ஆலைகளுக்கும் வழங்கியது.

மண்டியில் உயிர் எவ்வளவு காலம் தங்கும்? 1796இல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட ‘சிட்னி கோவ்’ என்ற கப்பல், 1797இல் டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு தீவருகே மூழ்கியது. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட அதன் பீர் புட்டியிலிருந்து உயிருள்ள ஈஸ்ட்டை லான்செஸ்டன் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் வளர்த்தெடுத்தார்கள். அதைக் கொண்டு தயாரித்த பீர் 2018இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கும் வந்தது. இது அரிய நிகழ்வு. குளிர்ந்த கடலடி வேறு, நம் சரக்குக் கிடங்கு வேறு. நமக்கு வேண்டியது பழைய புட்டி அன்று; புதிய புட்டி.

சிங்கப்பூரில் சட்டம் என்ன சொல்கிறது?

2004ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் வீட்டில் பீர், ஒயின் போன்ற நொதித்த பானங்களை உரிமமின்றித் தயாரிக்கலாம். 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்தில் 30 லிட்டருக்கு மேல் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, விற்கக் கூடாது. காய்ச்சி வடித்தல் கூடவே கூடாது. அந்தக் கடைசி விதியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கள்ளச் சம்சு எத்தனை பேரின் உயிரையும் பார்வையையும் பறித்தது என்பதை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். வாற்கோதுமைச் சாற்றை நொதிக்கவிடுவதில் அந்த ஆபத்து இல்லை. முறையின்றிக் காய்ச்சி வடிப்பதிலும், மலிவாகக் கிடைக்கும் தொழிற்சாலைச் சாராயத்தைக் கலப்பதிலும்தான் அந்த நஞ்சு வருகிறது.

2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரத்துக்குப் பின், 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கவோ, கடையில் வாங்கிச் செல்லவோ முடியாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் விதிகள் இன்னும் கடுமை. ஆகவே புட்டி வாங்கப் போகிறவர்கள் நேரம் பார்த்துப் போங்கள்!

எந்தப் புட்டியைத் தேர்ந்தெடுப்பது?

மண்டி இருக்கும் புட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: மண்டியிலுள்ள ஈஸ்ட்தான் பீரைத் தயாரித்த ஈஸ்ட்டா? சில ஆலைகள் முதல் ஈஸ்ட்டை வடிகட்டிவிட்டு, புட்டிக்கென வேறு ஈஸ்ட்டைச் சேர்க்கின்றன. அதை வளர்த்தால் நாம் விரும்பிய சுவை வராது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1862இல் தொடங்கிய கூப்பர்ஸ் நிறுவனத்தின் பீர்களில் இரண்டும் ஒன்றே என்பது வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் நீண்ட காலமாக அறிந்தது. பெல்ஜியத்தின் ஷிமே, ஜெர்மனியின் ஷ்னைடர் வைஸ் போன்றவையும் இத்தகையவை. பெல்ஜியத்தின் ஓர்வாலில் புட்டிக்கென ‘பிரெட்டனோமைசிஸ்’ என்ற வேறு வகை ஈஸ்ட் சேர்க்கிறார்கள். அது குதிரைச் சேணத்தின் வாசனையைத் தரக்கூடியது. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இரண்டாவது: மதுசாரம் எவ்வளவு? மதுசாரம் ஈஸ்ட்டுக்கும் நஞ்சுதான். 6 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள பீரில் செல்கள் அதிக நலத்துடன் இருக்கும். கூப்பர்ஸ் பேல் ஏல் 4.5 விழுக்காடு, தொடங்குபவர்களுக்கு ஏற்றது. டூவெல் 8.5 விழுக்காடு; அதன் மண்டியை எழுப்பக் கூடுதல் பொறுமை வேண்டும்.

மூன்றாவது: எவ்வளவு புதியது? அடைத்த நாளையோ காலாவதி நாளையோ பார்த்து, இருப்பதில் புதியதை எடுங்கள். 

நான்காவது: எங்கே வைத்திருந்தார்கள்? கப்பலில் வெப்பமண்டலக் கடலைத் தாண்டி வந்த சரக்கு இது. கடையிலும் வெயில் படும் அலமாரியில் இருந்தால் மண்டி பாதி செத்திருக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் கடையிலேயே வாங்குங்கள்.

கொஞ்சம் கணக்கு

ஒரு புட்டி மண்டியை நேரடியாக 20 லிட்டர் சாற்றில் கொட்டிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நடுத்தர அடர்த்தியுள்ள 20 லிட்டர் சாற்றை நன்றாக நொதிக்கச் செய்ய ஏறத்தாழ 18,000 கோடி செல்கள் தேவை. புட்டியில் அடைக்கும்போது பொதுவாக ஒரு மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் செல்கள் இருப்பதாகக் கொண்டால், 330 மில்லி லிட்டர் புட்டியில் 33 கோடி. அதில் பாதி உயிருடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 16.5 கோடி. தேவையோ அதைப் போல ஏறக்குறைய 1,090 மடங்கு. ஈஸ்ட் அரும்பு விட்டு இரண்டாகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படிப் பத்து முறை இரட்டித்தால் 1,024 மடங்கு. ஆக, பத்துத் தலைமுறை வேண்டும்.

இந்தப் பத்துத் தலைமுறையையும் 20 லிட்டர் சாற்றிலேயே கடக்கவிட்டால் என்ன? ஈஸ்ட் மெல்லப் பெருகிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று நாட்களில், பாத்திரத்தில் ஒட்டியிருந்த பாக்டீரியாவும் காற்றில் வந்த காட்டு ஈஸ்ட்டும் நம் வெப்பத்தில் அதைவிட வேகமாகப் பெருகிவிடும். சர்க்கரைக் கரைசலில் யார் முதலில் இடம் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. போதுமான ஈஸ்ட் இருந்தால் அது சாற்றை விரைவில் புளிப்பாக்கி, ஆக்சிஜனைத் தீர்த்து, மதுசாரத்தை உண்டாக்கி மற்றவற்றை அடக்கிவிடும். அதனால்தான் சிறிய பாத்திரத்திலிருந்து பெரிய பாத்திரத்துக்குப் படிப்படியாகப் போகிறோம். ஒவ்வொரு படியிலும் கொள்ளளவைப் பத்து மடங்குக்கு மேல் கூட்டக் கூடாது. ஒரு கரண்டி உறையை ஒரு அண்டா பாலில் ஊற்றமாட்டோம் அல்லவா?

செய்முறை

வேண்டியவை: பொடியாக்கிய மால்ட் சாறு, வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குடுவைகள், அலுமினியத் தாள், 70 விழுக்காடு ஆல்கஹால் நிரப்பிய தெளிப்பான், சமையல் தராசு. ஊட்டத்துக்கு வெறும் சர்க்கரைக் கரைசல் போதாது. ஈஸ்ட்டுக்குத் தழைச்சத்தும் கனிமங்களும் வேண்டும். மால்ட் சாற்றில் அவை உண்டு.

முதல் நாள்: இரண்டு அல்லது மூன்று புட்டிகளைக் குளிர்ப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஐந்து நாட்கள் அசைக்க வேண்டாம். மண்டி முழுவதும் அடியில் இறங்கட்டும்.

ஐந்தாம் நாள்: 5 கிராம் மால்ட் பொடியை 100 மில்லி லிட்டர் நீரில் கரைத்து, 15 நிமிடம் கொதிக்கவைத்து, குடுவையில் ஊற்றி அலுமினியத் தாளால் மூடி ஆறவிடுங்கள். வற்றிய நீரை ஈடுகட்டச் சற்றுக் கூடுதலாகத் தொடங்கலாம். இது வழக்கமான பீர்ச் சாற்றின் பாதி அடர்த்திதான். பட்டினி கிடந்து எழுபவனுக்கு முதலில் கஞ்சி கொடுப்பதைப் போன்றது. அடர்த்தியான சர்க்கரையின் அழுத்தத்தை நலிந்த செல் தாங்காது.

கரைசல் 25 டிகிரி செல்சியஸுக்கு ஆறியதும், மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துங்கள். காற்றில் மிதக்கும் தூசியே நம் முதல் எதிரி. புட்டியின் வாயையும் மூடியையும் ஆல்கஹால் தெளித்துத் துடைத்துவிட்டுத் திறங்கள். திறந்த பின் வாயை மறுபடி துடையுங்கள். அடியில் இரண்டு சென்டிமீட்டர் மிஞ்சும்வரை பீரை மெல்ல, ஒரே சாய்வில், வேறு குவளையில் ஊற்றுங்கள். அதைக் குடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் புட்டியில் வாய் வைத்துக் குடித்துவிட்டு மண்டியை எடுக்கக் கூடாது. மிஞ்சியதைச் சுழற்றி, மண்டியைக் கலக்கி, குடுவையில் ஊற்றுங்கள். தாளால் தளர்வாக மூடுங்கள்; இறுக மூடினால் வாயு வெளியேற வழியின்றிக் குடுவை வெடிக்கும்.

குடுவையை 20 முதல் 25 டிகிரியில் வைத்து, கைபடும்போதெல்லாம் குலுக்கிவிடுங்கள். ஈஸ்ட் புதிய செல்களின் உறையைக் கட்டுவதற்கு ஆக்சிஜன் தேவை. முதல் நாள் ஒன்றும் நடவாதது போலிருக்கும். இரண்டு முதல் நான்கு நாட்களில் கரைசல் கலங்கி, ஓரத்தில் சிறு குமிழ்கள் தோன்றி, நிறுத்தி வைத்தால் அடியில் பால்வெண்மையான படிவு சேரும். புட்டியில் இருந்த மண்டியைவிட இது வெளுப்பாக இருக்கும். அதுவே புது உயிர் பெருகியதற்கு அடையாளம்.

அடுத்த படி: குடுவையை ஒரு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு, 50 கிராம் மால்ட் கலந்த 500 மில்லி லிட்டர் புதிய கரைசலைக் காய்ச்சி ஆறவைத்துச் சேருங்கள். இரண்டு நாள் கழித்து அதேபோல 200 கிராம் மால்ட்டில் 2 லிட்டர். நன்கு வளர்ந்த கரைசலில் ஒரு மில்லி லிட்டருக்கு 5 முதல் 10 கோடி செல்கள் இருக்கும். அப்படியானால் 2 லிட்டரில் 10,000 முதல் 20,000 கோடி. நமக்கு வேண்டியது 18,000 கோடி. ஓயாமல் குலுக்கினாலோ காந்தக் கலக்கியில் சுழலவிட்டாலோ மேல் எல்லையை நெருங்கலாம். முழு அளவுக்குப் போகுமுன், 5 லிட்டர் மட்டும் தயாரித்துச் சுவைத்துப் பார்ப்பது நல்லது. மண்டியில் இருந்தது எந்த ஈஸ்ட் என்பதை நாக்குச் சொல்லிவிடும்.

காய்ச்சிய மால்ட் கரைசலை ஈஸ்ட் சேர்க்காமல் மூடி, அறை வெப்பத்தில் நாட்கணக்கில் வைக்காதீர்கள். கொதிநீரில் சாகாத சில பாக்டீரிய வித்துகள் உண்டு. காற்றில்லாத இனிப்புக் கரைசலில் அவை முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். அன்றன்று காய்ச்சி அன்றன்று பயன்படுத்துங்கள்.

வெப்பம் என்னும் பெரும் எதிரி

இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் எழுதப்பட்ட கையேடுகள் ‘அறை வெப்பம்’ என்றால் 20 டிகிரியை நினைக்கின்றன. நம் அடுக்குமாடி வீட்டில் பகலில் 30 டிகிரி. உறையை வளர்ப்பதற்கு அது அவ்வளவு கெடுதியில்லை; ஆனால் பீரையே அந்த வெப்பத்தில் நொதிக்கவிட்டால் பெரும்பாலான பீர் ஈஸ்ட்டுகள் தலைவலி தரும் கனமான ஆல்கஹால்களையும் மட்டுமீறிய பழவாசனையையும் உண்டாக்கும். ஈரத்துணி சுற்றி விசிறி வைக்கும் உபாயம் இங்கே அதிகம் பலிக்காது. நம் காற்றில் ஈரப்பதம் மிகுதி, ஆவியாதல் குறைவு. பெரிய தொட்டியில் நீர் நிரப்பி, அதில் நொதிக்கும் பாத்திரத்தை இறக்கி, உறைந்த நீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுவதே என் வழி. பழைய குளிர்ப்பெட்டியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் உள்ளவர்கள் பாக்கியசாலிகள்.

வேற்றுயிர் புகுந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? மூக்கைப் பயன்படுத்துங்கள். ரொட்டி மாவு, பழம், மெல்லிய புளிப்பு ஆகியவை நல்லவை. கோதுமைப் பீர் ஈஸ்ட்டில் கிராம்பு வாசனை இயல்பு. காடி, எரிந்த பிளாஸ்டிக், அழுகல் வாசனை வந்தாலும், மேலே தோல்போன்ற ஆடையோ பஞ்சுபோன்ற பூஞ்சையோ படர்ந்தாலும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். இழந்தது ஒரு பிடி மால்ட் மட்டுமே.

இன்னும் உறுதி வேண்டுவோர் தட்டில் வளர்க்கலாம். 100 மில்லி லிட்டர் மால்ட் கரைசலில் 2 கிராம் அகர் அகர் பொடி, அதாவது நம் வீடுகளில் நோன்புக் காலத்திலும் பண்டிகைகளிலும் இனிப்புச் செய்யும் கடற்பாசி, சேர்த்து பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து, தூய்மையான சிறு கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறையவிடுங்கள். நெருப்பில் சுட்டு ஆறவைத்த கம்பியால் மண்டியைத் தொட்டு, மேற்பரப்பில் கோலம் இழுப்பதுபோல் இழுங்கள். மூன்று நாட்களில் கோட்டின் கடைசிப் பகுதியில் தனித்தனிப் புள்ளிகள் தோன்றும். வழவழப்பான, பாலாடை நிறப் புள்ளி ஈஸ்ட். ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் ஒரே செல்லின் வழிவந்தது. அதில் ஒன்றை எடுத்து 10 மில்லி லிட்டர் கரைசலில் தொடங்கினால், 1883இல் ஹான்சன் எட்டிய தூய்மையை நீங்கள் உங்கள் சமையலறையில் எட்டலாம்.

இந்தக் கடற்பாசி ஆய்வுக்கூடத்துக்குப் போன கதையும் நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர் வால்தர் ஹெஸ்ஸ. 1881இல் அவர் பயன்படுத்திய ஜெலட்டின் தட்டுகள் கோடை வெப்பத்தில் உருகிப்போயின. அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸ, தாம் செய்யும் பழக்கூழ்கள் கோடையிலும் உருகாதது கடற்பாசியால்தான் என்று சொல்லி, அதைப் பயன்படுத்தச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒருவரிடமிருந்து அவர் குடும்பத்துக்குக் கிடைத்த சமையல் குறிப்பு அது. இன்று உலகின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றிலும் இருப்பது தென்கிழக்காசிய அடுப்படியின் பண்டம்.

எடுத்து வைத்தலும் கொடுத்தலும்

வளர்த்த ஈஸ்ட்டில் ஒரு சிறு புட்டியைக் குளிர்ப்பெட்டியில் எடுத்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தினால் நல்லது; நாளானால் முதல் படியிலிருந்து மறுபடி எழுப்ப வேண்டும். பெயரும் நாளும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் உறைமோர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான் என் ஈஸ்ட் புட்டி இருக்கிறது. முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் தந்தையின் சம்பளத்தில் பாதி கள்ளுக்கடைக்குப் போன வீட்டில் வளர்ந்தவர் அவர். “இதுக்கெல்லாமா படிக்க வெச்சோம்?” என்று கேட்டார். நான் வாதாடவில்லை. ஒரு நாள் தட்டில் வளர்ந்த புள்ளிகளைக் காட்டி, ஒவ்வொன்றும் ஒரு உறை என்றேன். உற்றுப் பார்த்துவிட்டு, “ஒரு கரண்டிய வெச்சு ஊரையே உறைய வெச்சிடலாம் போல” என்றார். அடுத்த வாரம் அந்த ஈஸ்ட்டில் ஒரு கரண்டி ஆப்ப மாவுக்குப் போனது. எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கியது. பீரைத் தொடாத அம்மா ஆப்பத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பீரைப் புட்டியில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரைக்கு மேல் வேண்டாம். நொதித்தல் முழுதும் முடிந்தபின்னரே அடையுங்கள். இல்லையேல் புட்டி வெடித்துக் கண்ணாடிச் சிதறல்கள் பறக்கும். அளவு என்பது தயாரிப்பதில் மட்டுமன்று, குடிப்பதிலும் வேண்டும் என்பதை இளைய நண்பர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பீர் உங்களுக்கு வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் உறைமோர்க் கிண்ணம் இன்னும் இருக்கிறதா என்று இன்று மாலை பாருங்கள். இல்லையென்றால் ஒரு கரண்டி யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். என்னிடம் ஈஸ்ட் கேட்பவர்களுக்கும் நான் இல்லையென்று சொல்வதில்லை. சுத்தமான புட்டி மட்டும் கொண்டு வாருங்கள்.